பள்ளிக்கூடத்துப் பனைகளை நட்டவர்கள்

எட்டாம் வகுப்புப் பாடத்தில் அப்போது ஒரு பக்கம் இருந்தது. கடலுக்கு அப்பால் எங்கோ ஒரு கண்டத்தில், கூண்டு வண்டி கட்டிக்கொண்டு போய், காட்டை அழித்து வீடு கட்டிக் குடியேறிய ஜனங்களைப் பற்றிய பக்கம். மரவீடு, கோடாலி, பனி, ஓநாய். உரக்கப் படித்து முடித்து நிமிர்ந்தால் பாதி வகுப்பு கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தது. கடைசி வரிசைப் பெண் ஒருத்தி மட்டும் கை தூக்கினாள்.

“அவுங்களுக்கு சொந்த ஊர்ல இன்னா டீச்சர் பேஜாரு? எதுக்கு மூட்டையக் கட்டிகினு காட்டுக்குப் போனாங்க?”

எனக்கு மூக்கு நுனியில் கோபம் என்பது ஊரறிந்த விஷயம். அன்றைக்கும் வந்தது. ஆனால் கேள்வியில் ஒரு குறையும் இல்லையே, என்ன செய்ய. “உங்க ஆயா எதுக்கு இந்த மணல்மேட்டுக்கு வந்துதோ அதுக்குத்தான்” என்றேன்.

“எங்க ஆயாவா? அது எங்கியும் வர்ல டீச்சர். இங்கியேதான் கீது.”

வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. நிஜமாகவே அந்தப் பிள்ளைகள் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார்கள். திருவிடந்தையைத் தாண்டி, கடற்கரைச் சாலையை விட்டுக் கால்வாய்ப் பக்கம் உள்ளே தள்ளி இருக்கும் எங்கள் ஊர், உலகம் உண்டான நாளிலிருந்து அங்கேயே இருக்கிறது என்று. உண்மையில் அந்த ஊருக்கு என் அம்மா வயதுகூட இல்லை. செங்கல்பட்டுக்கு அந்தப் பக்கம் ஏரிப் பாசன ஊர்களில், ஆண்டைகளின் வயலில் தலைமுறை தலைமுறையாகக் குனிந்துகொண்டிருந்த குடும்பங்கள் சில, ஒரு நாள் நிமிர்ந்து கிளம்பிவிட்டன. கடலோர மணலில் சவுக்கு நட ஆள் தேடிய ஒரு குத்தகைக்காரர் கூட்டிக்கொண்டு வந்து விட்டார். வந்தவர்களில் இந்து பாதி, கிறிஸ்துவர் பாதி. அப்போது அங்கே வீடு இல்லை, வழி இல்லை, குடிக்கத் தண்ணீர் இல்லை. என் அம்மா கல்யாணமான புதிதில் அப்பாவோடு வந்தவள். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். அம்மா இதற்கு மேல் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அப்பா சொல்லாமலே போய்ச் சேர்ந்தார்.

அந்த வருஷம் செங்கல்பட்டில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி நடந்தது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எல்லோரும் கண்ணயர்ந்த நேரத்தில், ‘மூலச் சான்று’ என்பதைப் பற்றி ஒருவர் பேசினார். நடந்ததைப் பற்றிப் பிறகு யாரோ எழுதியது வேறு, நடந்த காலத்திலேயே இருந்த பொருள் வேறு என்றார். ஒரு பானை, ஒரு படம், ஒரு கிணறு, எதுவானாலும் அதைப் பார்த்து யார் செய்தது, எப்போது, எதற்காக என்று கேட்கப் பிள்ளைகளைப் பழக்குங்கள் என்றார். நான் தூங்கவில்லை. ஊரைப் பற்றிக் கேட்டுக் கேட்டு அம்மாவிடம் கல்லில் நார் உரித்துக்கொண்டிருந்தவள் நான். அந்த வழியில் போனால் ஏதாவது கிடைக்குமா என்று ஒரு நப்பாசை எனக்கும் இருந்தது.

மறுநாளே வகுப்பில் சொல்லிவிட்டேன். ஊர் உண்டான காலத்துப் பொருள் ஒன்று, ஆளாளுக்கு வீட்டிலிருந்து கொண்டு வரவேண்டும். அடி நசுங்கிய தகரக் குடம் வந்தது. சவுக்கு நாற்றுக்குக் குளத்திலிருந்து தண்ணீர் சுமந்த குடமாம். பிடியில்லாத மண்வெட்டி வந்தது. மகாபலிபுரத்து ஸ்டூடியோவில் எடுத்த படம் ஒன்றில், கோயில் வரைந்த திரைக்கு முன்னால் ஒரு ஆணும் பெண்ணும் போலீசுக்குப் பயந்தவர்களைப் போல நின்றிருந்தார்கள். ஒருவன் ஓடாத டேப் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு வந்து, “இதுவும் பழசுதான் டீச்சர், எங்க நைனா கல்யாணத்துக்கு வந்தது” என்றான். அவன் தலையில் ஒரு குட்டு வைத்துவிட்டு அதையும் மேஜையில் வைத்தேன்.

வீட்டுப் பெரியவர்கள் பெயரைக் கேட்டு வரச் சொன்னபோதுதான் ஒரு விஷயம் தட்டுப்பட்டது. என் வயதுக்காரர்களிலும் கொஞ்சம் மூத்தவர்களிலும் பாதிப்பேருக்குக் குப்பை, பிச்சை என்று பொருள் வருகிற பெயர்கள். பிள்ளைகளுக்கு ஒரே சிரிப்பு. அதற்குக் காரணம் எனக்குத் தெரியும். எங்கள் ஜனத்தில் முன்னால் பிறந்தது தங்காமல் போனால், அடுத்துப் பிறந்ததைக் குப்பைமேட்டில் ஒரு புரட்டுப் புரட்டி எடுத்து அப்படிப் பெயர் வைப்பார்கள். யாருக்கும் வேண்டாத பிள்ளை என்று எமன் விட்டுவிடுவானாம். என் பெயருக்கும் அதுதான் பொருள். பெயர் என்னவென்று கேட்காதீர்கள், சொல்லமாட்டேன். எனக்கு முன்னால் ஒன்று பிறந்து தங்கவில்லை என்று தெரியும். அது ஆணா பெண்ணா என்றுகூட அம்மா சொன்னதில்லை.

அந்தச் சமயத்தில்தான் பள்ளிக்குக் கட்டடம் அனுமதியாகி வந்தது. ஓலைக் கொட்டகையில் நடந்துகொண்டிருந்த பள்ளிக்கூடம் அது. ஐப்பசி மழையில் பிள்ளைகள் பெஞ்சின் மேல் ஏறி நின்றுகொண்டு வாய்ப்பாடு சொல்லும். திருக்கழுக்குன்றத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வரும் எங்கள் தலைமையாசிரியர், செங்கல்பட்டு ஆபீசுக்கு நடையாய் நடந்து வாங்கிக்கொண்டு வந்த அனுமதி. மார்ச்சுக்குள் வேலையை ஆரம்பிக்காவிட்டால் பணம் திரும்பிப் போய்விடும். பள்ளி இடத்தில் வடக்குப் பக்கம் பள்ளம், மழைக்குத் தண்ணீர் தேங்கும். கட்டினால் தெற்குப் பக்கம்தான் கட்டவேண்டும். தெற்கில் ஏழெட்டுப் பனைமரங்கள் நின்றன.

அவற்றையும் பாடமாக்கிவிடலாம் என்று பிள்ளைகளை அங்கே கூட்டிக்கொண்டு போனேன். முதலில் வந்தவர்கள் எல்லைக்காக நட்ட மரங்கள், வேலி மாதிரி, படம் வரைந்துகொள்ளுங்கள் என்றேன். நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன். எல்லோரும் வரைந்தார்கள். அந்தக் கடைசி வரிசைப் பெண் மட்டும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு மரங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இன்னாடி வேடிக்கை?”

“வேலின்னா ஒரே நாள்ல நட்டிருப்பாங்கல்ல டீச்சர்? தோ அது மானத்த முட்டுது. இது பாதி ஒசரம்கூட இல்ல. வரிசையும் கோணமாணயா கீது. அந்த ரெண்டும் ஒட்டிகினு கீது பாருங்க. வேலிக்கு எவன் டீச்சர் அப்டி நடுவான்?”

நீங்கள்தான் யார் செய்தது, எதற்காக என்று கேட்கச் சொன்னீர்கள் என்று வேறு சேர்த்துக்கொண்டாள். “அதிகப்பிரசங்கி, போய் உங்க ஆயாவையே கேளு” என்று விரட்டிவிட்டேன். அவள் கேட்டிருக்கிறாள். ஆயா சுள்ளென்று ஒரு பார்வை பார்த்துவிட்டு எழுந்து போய்விட்டதாம். நாலைந்து பிள்ளைகளாகச் சேர்ந்து ஊரில் இருந்த கிழவிகளிடமெல்லாம் கேட்டார்கள். என் அம்மாவிடமும் வந்தார்கள். அம்மா முறத்தைக் கீழே வைக்காமலே, “போங்கடி, போய்ப் படிக்கிற வேலையப் பாருங்க” என்றாள்.

மரம் வெட்ட ஆள் வரப் போகிறான் என்று தெரிந்ததும் அந்தக் கிழவிகள்தான் முதலில் கிளம்பினார்கள். வெட்டக்கூடாது. ஏன் வெட்டக்கூடாது? ஒருத்தி அதில் முனி இருக்கிறது என்றாள். அவளோ ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போகும் கிறிஸ்துவப் பெண்மணி. இன்னொருத்தி நொங்குக்கு எங்கே போவது என்றாள். ஊர்க்கூட்டத்தில் இளவட்டங்கள் சிரித்தார்கள். தலைமையாசிரியர் கைகூப்பிக் கேட்டுப் பார்த்தார். என் அம்மா கூட்டத்தில் வாயே திறக்கவில்லை. ஆனால் மறுநாள் மரக்காரன் வந்தபோது மரத்தடியில் போய்க் குந்திக்கொண்டவள் அவள்தான். அவன் கோடாலியைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பிப் போய்விட்டான்.

அன்று வீட்டுக்கு வந்து நான் ஆடிய ஆட்டம் கொஞ்சமில்லை. டீச்சரின் அம்மாவே இப்படிச் செய்தால் ஊர் என்னை என்ன பேசும், மார்ச் போய்விட்டால் இன்னும் எத்தனை மழைக்குப் பிள்ளைகள் பெஞ்சின் மேல் நிற்பது என்று கத்தினேன். அம்மா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அந்த அமைதிதான் எனக்கு இன்னும் ஏற்றிவிட்டது.

“உனக்குப் புள்ளைங்க பெருசா, அந்த மரம் பெருசா? அத்தச் சொல்லு!”

அம்மாவின் கை அப்படியே நின்றுபோனது. என்னை ஏறிட்டுப் பார்த்தாள். அவள் கண்ணில் கோபம் இருந்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். முறத்தை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விட்டாள். அன்று இரவு அவள் சாப்பிடவில்லை, நானும் சாப்பிடவில்லை.

இரண்டு மூன்று நாள் கழித்து, காலைப் பிரார்த்தனை முடிந்து வகுப்பு ஆரம்பித்த நேரம். கிழவிகள் கூட்டமாகப் பள்ளிக்கூடத்துக்குள் வந்தார்கள். முன்னால் என் அம்மா. நல்ல புடவை கட்டியிருந்தாள். சண்டைக்குத்தான் வருகிறார்கள் என்று நான் எழுந்தேன். அம்மா என்னைத் தாண்டி, அந்தக் கடைசி வரிசைப் பெண்ணைப் பார்த்துப் பேசினாள்.

“அந்த மரத்த யாரு நட்டாங்கன்னு கேட்டியே. வா, சொல்றேன். எல்லாரும் வாங்க.”

பிள்ளைகள் திமுதிமுவென்று எழுந்தார்கள். நானும் கிளம்பினேன். அம்மா என் பக்கம் திரும்பினாள்.

“நீ வராத. நீ அப்பால போ.”

சொந்த வகுப்பிலிருந்து என்னை வெளியே போகச் சொல்கிறாள்! எனக்கு முகமெல்லாம் எரிந்தது. தலைமையாசிரியர் பிள்ளைகளோடு போனார். நான் கொட்டகையின் தெற்குத் தட்டிக்குப் பின்னால் போய் நின்றேன். ஓலை இடுக்கில் எல்லாம் தெரிந்தது, எல்லாம் கேட்டது.

அம்மா ஒன்றும் சொல்வதற்கு முன்னாலேயே கிழவிகள் ஒவ்வொருத்தியும் ஒவ்வொரு மரத்தடிக்குப் போனார்கள். யாருக்கும் தடுமாற்றமே இல்லை. அவரவர் மரத்தில் கையை வைத்துக்கொண்டு நின்றார்கள். ஒட்டி நின்ற இரண்டு மரங்களுக்கு நடுவில் ஒருத்தி, மரத்துக்கு ஒரு கையாக இரண்டிலும் வைத்துக்கொண்டாள். முனி இருக்கிறது என்று சொன்ன கிறிஸ்துவக் கிழவி அவள்தான். ஆளில்லாமல் நின்ற ஒரு மரத்தை அம்மா காட்டி, “இதோட அம்மா பூட்டா, போன வருசம்” என்றாள். பிறகு ஒரு மரத்தருகே போய் நின்றாள். “இது என்து.”

பிள்ளைகள் அவளைச் சுற்றி மணலில் உட்கார்ந்தார்கள்.

“நாங்க வந்த புதுசுல இங்க தோண்டுனா உப்பு. அத்தத்தான் குட்ச்சோம். பெரியவங்க தாங்கிகினோம். பால்குடிப் புள்ளைங்க தாங்கல. காலைல பேதி கண்டா பொழுது சாயறதுக்குள்ள பூடும். பக்கத்து ஊர்ல பொதைக்க எடம் கேட்டோம். எங்க சுடுகாடு, நீங்க வராதீங்கன்ட்டாங்க. பெரிய உசுரு போனா கால்வாக் கரைக்குத் தூக்கினு போவோம். பால்குடிய அம்மாந்தூரம் அனுப்ப மனசு வர்ல. அப்ப குடிசைங்க இங்கதான் இருந்துச்சு. வூட்டுக்குப் பின்னாடியே வெச்சிகினோம்.”

“அதுக்கு எதுக்கு ஆயா மரம்?” அந்தப் பெண்தான் கேட்டாள். நான் பழக்கிய கேள்வி அது. அந்த நிமிஷம் அவள் வாயை அடைக்கமாட்டார்களா என்று இருந்தது எனக்கு.

“மண்ணு பறக்குமேடி கண்ணு. காத்து அடிச்சா இன்னிக்கு மேடு நாளைக்குப் பள்ளம். எந்த எடம்னு தெரியாம பூடும்ல. அதுக்குத்தான் தலமாட்டுல ஒரு பனங்கொட்ட. தண்ணி ஊத்தாம வர்ற மரம் அது ஒண்ணுதான். குடிக்கவே தண்ணி இல்லாதப்ப மரத்துக்கு எங்க போறது?”

ஏன் இத்தனை நாள் யாரிடமும் சொல்லவில்லை என்று தலைமையாசிரியர் மெதுவாகக் கேட்டார். அம்மா கொட்டகைப் பக்கம் ஒருமுறை பார்த்தாள். குரலைத் தாழ்த்தினாள். ஆனாலும் கேட்டது.

“பின்னாடி பொறந்தது காதுல வுழக்கூடாது சார். முன்னாடி போனதப் பேசனா அது வந்து இத்தயும் கூப்டுகினு பூடும். எங்க சாதிசனத்துல அப்டி. அதான் அவள வராதன்னேன். எனக்கு இருக்கறது அவ ஒருத்திதான்.”

நான் தட்டியைப் பிடித்துக்கொண்டேன். பாவி, நான் என்ன கேள்வி கேட்டேன் அவளிடம். நான் பிழைத்துக் கிடக்கவேண்டும் என்றுதான் அவள் அத்தனை வருஷம் வாயைக் கட்டிக்கொண்டு இருந்திருக்கிறாள். அந்த மரத்தைத் தினமும் தாண்டித்தான் நான் வேலைக்குப் போனேன். அவள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருப்பாள். என்னைப் பார்க்கிறாள் என்று நினைத்துக்கொள்வேன்.

தலைமையாசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துண்டில் துடைத்தார். “வெட்டவேண்டாம்மா. நான் எழுதிப் போடறேன். வேற எடம் பார்க்கலாம்” என்றார். வேறு இடம் இல்லை என்று அவருக்கும் தெரியும். எனக்கு அப்போது கட்டடமாவது ஒன்றாவது. பிள்ளைகள் நனைந்தால் நனையட்டும், மரத்தைத் தொடக்கூடாது என்று ஓடிப்போய்ச் சொல்லத் துடித்தேன். அவள் வராதே என்று சொன்ன இடத்துக்கு எப்படிப் போவது?

அம்மா மற்ற கிழவிகளைப் பார்த்தாள். முன்னாலேயே பேசி வைத்துக்கொண்டுதான் வந்திருக்கிறார்கள் என்று தெரிந்தது.

“வெட்டுங்க சார். அத்தச் சொல்லத்தான் வந்தோம்.”

“எதுக்கும்மா? நீங்கதான…”

“மரம் போச்சின்னா அடையாளம் போச்சே, நாங்க கண்ண மூடிட்டா இதுங்க இங்க கெடக்கறது ஒருத்தருக்கும் தெரியாதேன்னுதான் அடிச்சிகினோம். இப்ப தோ, இத்தினி பேருக்குத் தெரியும்ல. இதுங்க மறக்குமா?” பிள்ளைகளைக் காட்டினாள். யாரோ ஒரு பிள்ளை தேம்பியது. “எங்க புள்ளைங்க பள்ளிக்கூட வாசலையே பாக்காம பூட்ச்சிங்க சார். அதுங்க மேலயே பள்ளிக்கூடம் வந்தா வேணாம்னா சொல்வோம்? நல்லா கட்டுங்க.”

மரக்காரன் மறுபடி வந்தான். வெட்டும் நாளில் கிழவிகள் ஒருத்தியும் வரவில்லை. அஸ்திவாரம் தோண்டியபோது, கொத்தனாரைத் தலைமையாசிரியர் தனியாகக் கூப்பிட்டு ஏதோ சொன்னார். அந்த ஆட்கள் தெற்குப் பக்கம் செருப்பில்லாமல்தான் வேலை செய்தார்கள். எலும்பு என்று எதுவும் வரவில்லை. பால்குடி எலும்பு, அத்தனை வருஷம் மணலில் எங்கே இருக்கும்?

வெட்டுவதற்கு முன்னால் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் தாங்களாகவே ஒரு வேலை செய்திருந்தார்கள். வேலி என்று வரைந்த பழைய படங்களைக் கிழித்துப் போட்டுவிட்டு, கயிறு பிடித்து அளந்து, எந்த மரம் எந்த இடம், யாருடையது என்று பெரிய அட்டையில் புதிதாக வரைந்தார்கள். அதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை. எனக்கு அந்தப் பக்கம் போகவே கால் வரவில்லை. கட்டடம் எழும்பியபோது அந்த அட்டையை வைத்துக்கொண்டு, எந்தச் சுவர் எந்த இடத்தில் வருகிறது என்று குறித்துக்கொண்டு அந்தப் பெண்தான் கொத்தனாருக்குப் பின்னாலேயே திரிந்தாள். முடிந்ததும் அட்டையை என்னிடம் கொடுத்தாள்.

அடுத்த பாடம் போகவேண்டும் அல்லவா? போனேன். ஆனால் கடல் தாண்டிய அந்தக் கண்டத்துப் பக்கத்தை மறுபடி ஒருமுறை படிக்கச் சொன்னார்கள் பிள்ளைகள். படித்தேன். கூண்டு வண்டி, கோடாலி, பனி. முடித்ததும் ஒருவன் கேட்டான், அவர்களுடைய பால்குடிப் பிள்ளைகளை எங்கே வைத்தார்கள் என்று. புத்தகத்தில் இல்லை என்றேன். “மெய்யாலுமே செத்திருக்கும்ல டீச்சர்?” என்றான். செத்திருக்கும் என்றேன்.

வீட்டில் அம்மாவும் நானும் அதைப் பற்றிப் பேசவில்லை. நான் தட்டிக்குப் பின்னால் நின்றது அவளுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியும் என்பது எனக்கும் தெரியும். எனக்கு ஒரு நாள் சாதாரணக் காய்ச்சல் வந்தது. அம்மா ராத்திரியெல்லாம் தூங்காமல் என் தலைமாட்டிலேயே உட்கார்ந்திருந்தாள். “ஒண்ணுமில்லம்மா, படு” என்றால் கேட்கவில்லை. காய்ச்சல் இறங்கிய அன்றைக்குத்தான் அவளுக்கு முகம் தெளிந்தது. மார்ச், ஏப்ரல், கோடை விடுமுறை எல்லாம் போனது. எனக்கு ஒன்றும் ஆகவில்லை. நான் அவள் கண்ணெதிரே நன்றாகத் தின்றேன், சண்டை போட்டேன், கத்தினேன். வேண்டுமென்றே கொஞ்சம் கூடுதலாகவே கத்தினேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஜூனில் புதுக் கட்டடத்தில் பள்ளி திறந்தது. மைக்செட், மிட்டாய், செங்கல்பட்டிலிருந்து வந்த அதிகாரிகளின் பேச்சு. எல்லோரும் போன பிறகு அம்மா வந்தாள். புதுச் சுண்ணாம்பு வாசனை இன்னும் போகவில்லை. நான் வராந்தாவில் நின்று வகுப்புகளைப் பூட்டிக்கொண்டிருந்தேன். அம்மா செருப்பைக் கழற்றிவிட்டுப் படியேறி, ஒவ்வொரு கதவாக எட்டிப் பார்த்துக்கொண்டு வந்தாள். என் பக்கத்தில் வந்து நின்றாள். பிறகு என் முகத்தை நேராகப் பார்த்துக் கேட்டாள்.

“உங்கண்ணன் எந்த கிளாசுல கீறான்?”

“மூணாங் கிளாசும்மா,” என்றேன். “ஜன்னலாண்ட.”

பூட்டிய கதவைத் திறந்துவிட்டேன்.